முதுகில் மண் ஒட்டாதவர்கள்

உலகத்தில் எந்த ஆட்டத்துக்கு யார் சாம்பியன் என்பது ஒசூரில் ஒரே ஒரு சுவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. பெங்களூர் ரோட்டில் ஊர் முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு போல்ட்டுக் கம்பெனி. அதன் கேன்டீன் சுவர் அது. விறகுப் புகை ஏறி ஏறிக் கறுத்துப்போன சுவர். வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு அதன் மேல், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட கேன்டீன் சமையல்காரி வரைந்து வைத்திருந்தாள். ஒரு முஷ்டி, அதன் பக்கத்தில் திறந்த வாய். ஒரு குதிரைத் தலை. செருப்பில்லாத ஒரு பாதம். தோசைக்கரண்டிபோல ஒரு சின்ன மட்டை. ஒரு நீளக் கோல்.

முஷ்டியும் வாயும் குத்துச்சண்டைக்காரன். அடிப்பதற்கு முன்னால் பேசுவான், அடித்த பின்னாலும் பேசுவான் என்று நான் படித்துச் சொன்னதால் வாய். குதிரைத் தலை சதுரங்கக்காரன். மட்டை, மேசைப்பந்துக்காரன். பாதம், மாரத்தானில் வெறுங்காலோடு ஊரைச் சுற்றி ஓடி இரண்டு முறை ஜெயித்த ஆப்பிரிக்கன். இரண்டாம் முறை ஷூ போட்டுத்தான் ஓடினான் என்று நான் சொல்லியும் அக்கா மாற்றவில்லை. "ஓடுனது காலு தானே தம்பி, ஷூவா ஓடுச்சு?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஆட்கள் வந்துபோகிற நேரத்தை அட்டையில் குத்துகிற டைம் ஆபீஸ் கிளார்க், இருபத்திரண்டு வயது, இங்கிலீஷ் தெரியும் என்பதில் தாங்க முடியாத பெருமை. பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பேப்பரை மேனேஜர் படித்து முடித்துப் பத்து மணி டீக்குக் கேன்டீனுக்கு அனுப்புவார். அக்காவுக்கு முன்பக்கம் வேண்டாம். யார் மந்திரி ஆனால் என்ன, எந்தப் பாலம் திறந்தால் என்ன. "கடைசிப் பக்கத்தைத் திருப்பு" என்பாள். கரண்டி கையில் இருக்கும். சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். நான் படிக்கப் படிக்க அவள் முகத்தில் ஒரு நீதிபதி வந்து உட்காருவார்.

நீதிபதி என்று சும்மா சொல்லவில்லை. அவள் அப்பா தளிப் பக்கம் ஒரு ஊரில் கரடி மனை வைத்திருந்தவர். மல்யுத்தம் பழகுகிற கூடத்துக்கு எங்கள் கன்னட எல்லையில் அப்படித்தான் பெயர். திருவிழாவில் குஸ்தி நடந்தால் மண் பார்க்கிற வேலை அவருக்கு. குஸ்திக்கு முன்னால் இரண்டு பேர் முதுகிலும் தண்ணீர் தெளிப்பார்கள். முடிந்ததும் மண் பார்க்கிறவர் போய் முதுகைப் பார்ப்பார். இரண்டு தோள்பட்டையிலும் செம்மண் ஒட்டியிருந்தால் தோற்றவன். ஒன்றில் மட்டும் என்றால் இல்லை. இடுப்பில் ஒட்டியது, பக்கவாட்டில் ஒட்டியது எதுவும் கணக்கில்லை. கவுடர் வீட்டு ஆளாக இருந்தாலும், கல் உடைக்கிறவனாக இருந்தாலும், அவர் வாயைத் திறக்கும்வரை யாரும் மேளம் அடிக்கக் கூடாது. பெண்களை உள்ளே விடமாட்டார்கள். அக்கா பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

ஆகவே உலகத்தின் எந்த மூலையில் யார் தோற்றதாகச் செய்தி வந்தாலும் அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

"முதுகுல மண்ணு ஒட்டுச்சா?"

டென்னிஸுக்கும் அதையே கேட்பாள். தலைகீழாகக் குதித்து நீந்துகிறவனுக்கும் கேட்பாள். நியாயமாகத் தோற்றானா என்று அர்த்தம். நான் விவரமாகச் சொல்ல வேண்டும். எத்தனைக்கு எத்தனை, எங்கே தடுமாறினான், நடுவர் என்ன சொன்னார். திருப்தியானால் முந்தானை நுனியை நனைத்துப் பழைய ஆளை அழித்துவிட்டுப் புது ஆளை வரைவாள். திருப்தி இல்லை என்றால் உலகமே ஒப்புக்கொண்டாலும் அழிக்கமாட்டாள்.

கோல், நம் நாட்டுக்காரர் ஒருவர். மேசைமேல் பந்து உருட்டுகிற பில்லியர்ட்ஸில் உலகத்தை ஜெயித்தவர். அவரைச் சுவரில் ஏற்ற அவள் சுலபமாகச் சம்மதிக்கவில்லை.

"உக்காந்து ஆடறதா, நின்னு ஆடறதா?"

"குனிஞ்சு ஆடறதுக்கா."

"வேர்க்குமா?"

"வேர்க்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப ஓரமா இருக்கட்டும்" என்று உப்பு ஜாடிக்குப் பின்னால் வரைந்தாள்.

கிரிக்கெட்டுக்கு உலக சாம்பியன் யார் என்று கேட்டாள். அப்படி ஒருவரும் இல்லை என்றேன்.

"அஞ்சு நாளு ஆடியுமா?"

"ஆமாக்கா."

"அப்ப எதுக்குய்யா ஆடறானுங்க? வூட்ல சோறு இல்லையா?"

இங்கிலாந்துக்காரர்கள் கால்பந்தில் உலகத்தை ஜெயித்தபோது, கடைசி ஆட்டத்தில் அவர்கள் போட்ட ஒரு கோலைப் பற்றிப் பேப்பரில் வந்தது. பந்து மேல்கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது, கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டை. கோடு பார்க்கிறவர் தாண்டியது என்று தலையாட்டிவிட்டார். அக்கா ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் ஒரு கோடு போட்டு, அதன் மேலேயே பந்தை வரைந்துவிட்டாள். யாருடைய படமும் இல்லை. "அவன் பாத்தானா, பாத்த மாதிரி சொன்னானான்னு எனக்குத் தெரியல. தெரியாததை நான் எப்படி எழுதுவன்?"

எழுதுவது என்றுதான் சொல்வாள். வரைவது என்று சொல்லமாட்டாள்.

அவள் கோபத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஓட்டக்காரிகள் செய்தியில். ஓடியும் எறிந்தும் ஜெயித்த பெண்களை நிஜமாகவே பெண்கள்தானா என்று பார்க்க, டாக்டர்கள் முன்னால் துணியில்லாமல் வரிசையாக நடக்கச் சொன்னார்களாம். அவளிடம் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதியில் நிறுத்தினேன். படி என்றாள். படித்தேன். இரண்டாம் சட்டியை இறக்கினாள். மூன்றாம் சட்டியை ஏற்றினாள். அதற்குப் பிறகு கரண்டியை வீசி எறிந்தாள். அது தகரக் கதவில் பட்டு, வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

"தோக்கடிக்க முடியலைன்னா துணிய அவுருன்றான் பாரு. இவனுங்க முதுக எவன் பாக்கறது?"

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு, வாய் திறந்த அந்த முஷ்டிக்காரனின் செய்தி வந்தது. பட்டாளத்தில் சேரச் சொல்லி அவன் நாட்டுச் சர்க்கார் கூப்பிட்டது. தூரத்தில் எங்கோ இருக்கிற சனங்களைச் சுட நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். உடனே பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"யாரு அடிச்சான் அவன?"

"யாரும் அடிக்கலக்கா. ஆபீசருங்க எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா? சட்டையா அது, கொடியில காயறதை எடுக்க?"

முஷ்டியை அவள் அழிக்கவில்லை. முஷ்டியைச் சுற்றி இன்னொரு முறை சுண்ணாம்பை அழுத்தித் தேய்த்தாள். எங்கள் மேனேஜர் மிலிட்டரியிலிருந்து வந்தவர். எப்போதாவது கேன்டீன் பக்கம் எட்டிப் பார்ப்பார். சுவரைப் பார்த்துச் சிரிப்பார். அந்த மாதம் வந்தபோது சிரிக்கவில்லை.

"ஏம்மா, அந்த வாயாடிப் பயல இன்னும் வெச்சிருக்கியா? ஆர்டருக்கு அடங்காதவன். கோழை. அழி."

"ரிங்குக்குள்ள போய் எவனாச்சும் அழிக்கட்டும் சார். நான் சுவத்துல அழிச்சு என்னா ஆவப் போவுது."

அவர் முகம் சிவந்தது. திரும்பிப் போனார். எங்களுக்கு ஒரே குஷி. அந்தக் குஷிக்காக இன்றைக்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எதிர்த்துப் பேசினாள். நாங்கள் டீ குடித்துக்கொண்டே ரசித்தோம்.

கம்பெனிக்கும் ஒரு சாம்பியன் இருந்தான். இரும்பை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினை ஓட்டுகிற முனிரத்தினம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், சண்டையில் கன்னடம். ஆயுத பூஜை அன்று காலையில் பழைய பிரஸ்ஸின் உடைந்த இரும்புச் சக்கரத்தைத் தூக்குகிற போட்டி நடக்கும். அதை நெஞ்சு வரைக்கும் தூக்கியவன் அவன் ஒருவன்தான். அடுத்தவன் மேனேஜரின் டிரைவர். அவனுக்கு முட்டிக்கு மேல் வரவில்லை. தூக்கியவனுக்கு வேட்டியும் துண்டும் உண்டு. ஆனால் பெரிய மரியாதை அது இல்லை. பூஜை முடிந்ததும் கம்பெனி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயை உடைக்கிற உரிமை அவனுக்குத்தான். இயந்திரம் யார் கையையும் தின்னாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உடைக்க வேண்டும். பலவீனமானவன் உடைத்தால் பலிக்காது என்று எல்லோரும் நம்பினோம்.

பூசணி உடைத்தும் ஒரு வருஷம் பலிக்கவில்லை. பிரஸ்ஸுக்குள் விரல் போகாமல் தடுக்க ஒரு கம்பி வலை இருக்கும். கார்டு என்போம். அது இருந்தால் வேலை மெதுவாகும். ஆர்டர் அவசரம் என்று மேனேஜர் அதைக் கழற்றச் சொன்னார். மூன்றாம் நாள் ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றினோம். லாரி திரும்பி வருவதற்குள் பிரஸ்ஸைக் கழுவித் துடைத்தார்கள். முனிரத்தினத்தை அதில் நிற்கச் சொன்னார்கள்.

"கார்டு போடுங்க சார், நிக்கறன்."

"நிக்கிறியா, இல்லையா?"

"போடுங்க. நிக்கறன்."

ஆர்டருக்குக் கீழ்ப்படியவில்லை என்று சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த நோட்டீஸை டைப் அடித்தவன் நான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

பத்து நாளில் ஆயுத பூஜை வந்தது. சஸ்பெண்டான ஆள் உள்ளே வரக் கூடாது. சக்கரம் தூக்குகிற போட்டியே வேண்டாம், இந்த வருஷம் டிரைவர்தான் சாம்பியன் என்று மேனேஜர் அறிவித்தார். டிரைவர் வெட்கப்பட்டான், பாவம். ஆனால் வேட்டியை வாங்கிக்கொண்டான். நாங்கள் கை தட்டினோம். தொண்ணூறு பேர், அத்தனை பேரும் தட்டினோம். பாருங்கள், இதை எழுதும்போது என் உள்ளங்கை எரிகிறது.

பூசணிக்காய் கேன்டீனில் இருந்தது. குங்குமம் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் வைத்து அக்காதான் கொண்டு வருவாள். கொண்டு வந்தாள். டிரைவர் இரண்டு கையையும் நீட்டினான். அவள் அவனைத் தாண்டி நடந்தாள். மேனேஜரைத் தாண்டினாள். சாமி படத்தைத் தாண்டினாள். ஏதோ மறந்து போய் நடக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம். கேட்டுக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கம் புளியமரத்தடியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முனிரத்தினம் நின்றிருந்தான். பூஜையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான்.

"ஏம்மா! எங்க போற?" மேனேஜர் கத்தினார்.

அவள் திரும்பவில்லை. ஒரு லாரி போகும்வரை நின்றாள். ரோட்டைக் கடந்தாள்.

"இந்தா. சக்கரத்த எவனாச்சும் உன்கிட்ட இருந்து புடுங்கித் தூக்குனானா?"

"இல்லக்கா."

"அப்ப உடை."

"உனக்கு வேல போயிடும்க்கா."

"நான் என்னா கேக்கறன், நீ என்னா பேசற? உடைடா!"

கற்பூரம் அணைந்திருந்தது. அவன் அழுதுகொண்டே தூக்கினான். எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் போகிற ரோட்டின் நடுவில் அது சிதறியது. சிவப்பாக, விதை விதையாக. பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போனது. கேட்டுக்கு உள்ளே இருந்த நாங்கள் கை தட்டவில்லை. தட்ட வேண்டியது அப்போதுதான்.

முனிரத்தினத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். அக்காமேல் விசாரணை. கம்பெனிச் சொத்தை வெளியாளுக்குக் கொடுத்தாள், உத்தரவை மீறினாள். மேனேஜர் அறையில் மூன்று பேர். மேசைக்குப் பின்னால் அவர். எதிரில் நின்றுகொண்டு அவள். ஓரத்தில் கேட்டதை எல்லாம் எழுதிக்கொள்ள நான். கம்பெனிக் காகிதமெல்லாம் இங்கிலீஷில்தான். அவள் சொல்கிறதை நான் இங்கிலீஷில் எழுதி, பிறகு தமிழில் படித்துக் காட்டி, அவள் கைரேகை வைக்க வேண்டும்.

"பூசணிக்காய எடுத்துக் கொடுத்தது நீதானே?"

"நான் தான்."

"தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"தப்பு இல்ல சார். நாளைக்கும் அவன்கிட்டதான் குடுப்பன்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். என்னிடம் இங்கிலீஷில் பேசினார், மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாக. நல்ல சமையல்காரி. ஒரு காய்க்காக இவளை வெளியே அனுப்புவானேன். மன்னிப்புக் கேட்டாள் என்று எழுதிவிடு, விஷயம் முடிந்தது. உனக்கும் அவளைப் பிடிக்கும்தானே.

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நான் ஒருவேளை நிமிர்ந்திருப்பேனோ என்னவோ. பிடிக்கும்தானே என்று கேட்டார். ஆமாம், பிடிக்கும். அவளுக்கு ஊரில் நிலமில்லை, புருஷன் இல்லை, இந்தக் கேன்டீனை விட்டால் போக இடமில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு நல்லவன் எழுந்து நின்றான். அந்த நல்லவனை இன்றைக்குப் பார்த்தாலும் நான் செருப்பால் அடிப்பேன்.

எழுதினேன். தன் தவறை உணர்ந்து வருந்துகிறாள், மன்னிப்புக் கோருகிறாள், இனி உத்தரவை மீறமாட்டாள்.

"படி தம்பி" என்றாள்.

காகிதத்தைக் கையில் எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்துகளின்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே, "பூசணிக்காயை நான்தான் கொடுத்தேன். தப்பில்லை. நாளைக்கும் அவனிடம்தான் கொடுப்பேன்" என்று தமிழில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. கடைசிப் பக்கம் படித்துப் படித்துப் பழகிய குரல். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குது" என்றாள் அக்கா. கட்டைவிரலை மையில் அழுத்தி, நான் காட்டின இடத்தில் வைத்தாள். விரலைத் துடைத்துக்கொள்ள நான்தான் துணி கொடுத்தேன்.

அவள் போனபோது தலை நிமிர்ந்து போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியும் வேலை போகவில்லையே, இப்படியும் ஒரு கம்பெனி உண்டா என்று ஆச்சரியப்பட்டாள். இரண்டு நாள் எல்லோருக்கும் கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டினார்கள். அதை ஒட்டுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. காரியம் முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் கேன்டீன் பணியாளர் மன்னிக்கப்பட்டார். மற்றவர்களும் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும். சாப்பாட்டு வரிசையில் ஒருவன் தட்டை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"இன்னாக்கா, ரோட்டைத் தாண்டிப் போனே. திரும்பி வந்து காலுல விழுந்துட்டியாமே?"

"எவன்டா சொன்னது?"

"போர்டு சொல்லுது. ரேகை வெச்சிருக்கியாம்."

"சுள்ளு" என்றாள். பதறிப்போனால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். பொய் என்றாள். வரிசையில் பத்துப் பேர் இல்லை இல்லை, இருக்குது, நாங்க படிச்சோம் என்றார்கள். ஒருவன் மனப்பாடமாகவே ஒப்பித்தான்.

டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. உடனே வருவாள் என்று காத்திருந்தேன். கரண்டியோடு வந்து என் மண்டையை உடைப்பாள் என்று ஏங்கினேன் என்றே சொல்ல வேண்டும். வரவில்லை. கடைசி ஆள் வரைக்கும் சோறு போட்டாள். பாத்திரம் கழுவினாள். அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளினாள். பிறகு, ஒரு துணி மூட்டையோடு ஜன்னல் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா. உன் வேலை போயிடுமேன்னு..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"ஒண்ண எழுதிட்டு வேற ஒண்ண படிச்ச."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப இத்தனை வருசமா படிச்சது?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முஷ்டிக்காரன், வெறுங்காலன், குதிரைக்காரன், துணியில்லாமல் நின்ற அந்தப் பெண்கள், எல்லோரையும் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது என் வாய் ஒன்றுதான்.

"அதெல்லாம் நிஜம்க்கா! சத்தியமா நிஜம். ஒரு வார்த்தை மாத்தல. இது ஒண்ணுதான்..."

அக்கா மூட்டையைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

"அது நிஜம்னு எனக்கு யாரு சார் படிச்சுச் சொல்லுவாங்க?"

முதல் தடவையாக என்னைச் சார் என்றாள். பதிலுக்கு நின்றாள், நான் ஏதாவது ஒரு பெயர் சொல்வேன் என்பதுபோல நிஜமாகவே நின்றாள். பிறகு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் வந்து, அட்டையை நீட்டி, சீக்கிரம் குத்துய்யா என்று சத்தம் போட்டார்கள். ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றிலும் சரியான நேரத்தைக் குத்திக் கொடுத்தேன்.